உதட்டில் மயில் கழுத்து நிறம்

எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலிலும் செருப்பு ஜோடியாக இருக்காது. ஓரிக்கை போகிற சாலையில் இறங்கி இடது கைப்பக்கம் திரும்பினால் எங்கள் தெரு. புதிதாக வருகிறவர்கள் வாசலுக்கு வாசல் ஒற்றைச் செருப்பு கிடப்பதைப் பார்த்துவிட்டு, இந்தத் தெருக்காரர்களுக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வேண்டுதலெல்லாம் இல்லை. என் மகள் ஜோதிகாதான் காரணம்.

ஒன்றரை வயசு. நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு அவள் கண்டுபிடித்த தொழில் இது. இரண்டு செருப்பையும் எடுக்க மாட்டாள். ஒன்றைத்தான் எடுப்பாள். எடுத்ததை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, குடித்தவன் மாதிரி ஆடி ஆடி நடந்து, தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போடுவாள். சாக்கடை, மாட்டுக் கழனித்தொட்டி, துணி ஊறவைத்த பக்கெட், எது கிடைத்தாலும் சரி. ஒருமுறை எங்கள் தெரு டேனியலின் ஆட்டோவுக்குள் போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக் கமலவேணியின் இடது கால் செருப்பு வாலாஜாபாத் வரைக்கும் சவாரி போய்விட்டு வந்தது. டேனியல் அதை இறக்கிக் கொடுக்கும்போது, சவாரி போனதற்கு வாடகை கேட்டான். கமலவேணி வலது கால் செருப்பைக் கழற்றிக் காட்டினாள்.

சாயங்காலமானால் ஒற்றைக்கால் செருப்போடு நாலு பேர் எங்கள் வாசலுக்கு வருவார்கள். திட்டத்தான் வருவார்கள். வந்து நின்றதும் அவள் வாயைத் திறந்து இருக்கிற நாலு பல்லையும் காட்டுவாள். திட்ட வந்தவர்கள் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவார்கள். எனக்கும் எல்லம்மாளுக்கும் கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. இனிமேல் இல்லை என்று நாங்களே பேசி முடித்துவிட்ட பிறகு பிறந்தவள். பேரன் பேத்தி எடுக்கிற வயசில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறேன் என்று தெருவே கேலி செய்யும். செய்யட்டும் என்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன்.

எனக்குச் சாயப்பட்டறையில் வேலை. பட்டு நூலைக் கழி கழியாகக் கம்பில் கோத்து, கொதிக்கிற சாயத் தொட்டியில் முக்கி, புரட்டி, எடுத்து முறுக்கிப் பிழிகிற வேலை. முதலாளி சிவபாலன் கையுறை வாங்கித்தான் கொடுத்திருக்கிறார். வெந்நீர் அதற்குள்ளும் இறங்கிவிடும். அதனால் என்ன சாயம் ஓடுகிறதோ அந்த நிறம்தான் என் கை. சிவப்பு ஓடினால் கொலை பண்ணிவிட்டு வந்தவன் மாதிரி இருப்பேன். பச்சை ஓடினால் கிளி.

அந்த மழைக்காலத்தில் நீலம் ஓடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் யாரோ பெரிய வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நிறம், மயில் கழுத்து நிறம் வேண்டுமாம். கொஞ்சம் பச்சை ஓடுகிற நீலம் அது. தை பிறப்பதற்குள் நெய்து கொடுக்க வேண்டும் என்று தறிக்காரர்கள் வந்து பட்டறை வாசலில் நின்றார்கள். வெளியே மழை விடவில்லை, நூல் காயவில்லை. நாங்கள் சாயத்தில் நின்றோம். முழங்கை வரைக்கும் நீலமாக வீட்டுக்குப் போனால், கமலவேணி தன் வாசலில் இருந்தபடியே, "வந்துட்டாருபா கிருஷ்ண பரமாத்மா. எல்லம்மா, வெண்ணெய்ய எடுத்து உள்ள வை" என்பாள்.

சோப்பு போட்டு, எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மகளைத் தொடுவேன். அப்படியும் நிறம் முழுக்கப் போகாது. தேய்த்த பிறகு யார் மேலும் ஒட்டாது, அவ்வளவுதான். எதற்காக அப்படித் தேய்ப்பேன் என்றால், ஜோதிகாவுக்கு ஒரு பழக்கம். தூக்கம் வந்தால் விரல் சூப்புவாள். அவள் விரலை அல்ல. என் வலது கைக் கட்டை விரலை. கையைப் பிடித்து இழுத்து, விரலைத் தேர்ந்தெடுத்து, வாயில் வைத்துக்கொண்டு தூங்குவாள். விரலை உருவினால் விழித்துக்கொள்வாள். அதனால் அவள் தூங்கி முடிக்கிற வரைக்கும் கட்டிப்போட்ட மாடு மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நாள் முழுக்க நின்ற காலை மடக்கி உட்கார அதைவிட நல்ல காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சளி. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தும்மல் பதில் சொல்லும். ஜோதிகாவுக்கும் மூக்கு ஒழுகிற்று. மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டே செருப்பு எடுத்தாள். அந்த வாரம் நர்சம்மா காயத்ரி தெருவுக்கு வந்து ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளைப் பார்த்தார். எங்கள் வாசலில் நின்று, அவர் செருப்பை அவரே கையில் பிடித்துக்கொண்டு பேசினார். எங்கள் தெருவைப் பற்றி அவருக்கும் தெரியும். சாதாரணச் சளிதான், தானாகப் போய்விடும், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குச் சில சமயம் சளி நெஞ்சுக்கு இறங்கிவிடும் என்றார்.

"மூச்சு வேகமா வாங்குனா, மூச்சு இழுக்கறப்போ விலாவுக்குக் கீழ குழி விழுந்தா, பால் குடிக்கலன்னா, துவண்டு போனா, உதடு நீலமானா, யாரையும் கேட்டுக்கினு நிக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வந்துடுங்க."

அவ்வளவும் சொன்னார். என் மண்டையில் நின்றது கடைசியில் சொன்ன நீலம் மட்டும்தான். நாள் முழுக்க நிறத்தோடு மாரடிக்கிறவன், நிறத்தைத்தானே பிடித்துக்கொள்வேன். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் உதட்டைப் பார்ப்பேன். ரோஸ் நிறம். சரி, மகள் நன்றாக இருக்கிறாள் என்று நிம்மதியாகப் போய்விடுவேன். நர்சம்மா சொன்ன மற்றதெல்லாம் எல்லம்மாளின் காதில் இருந்தது.

இதற்கிடையில் கமலவேணி வைத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்து கொடுத்தாள். ஜோதிகா அதை அவள் முகத்திலேயே துப்பினாள். பிறகு சாம்பிராணி. சளி புகைக்குப் பயப்படும் என்பது கமலவேணியின் கட்சி. அவள் போட்ட புகையில் சளி பயந்ததோ என்னவோ, எங்கள் வீட்டுப் பல்லிகள் எல்லாம் எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டன. டேனியல் ஓடிவந்து வீடு பற்றிக்கொண்டதா என்று கேட்டான். ஜோதிகா இருமினாள். அந்த இருமல் இரண்டு நாளாக வேறு மாதிரி இருந்தது என்று எல்லம்மாள் பிறகு சொன்னாள்.

நான் சொல்ல வருகிற நாள் அந்தப் புகைக்கு மறுநாள்.

அன்றைக்கு மத்தியானம் கமலவேணி ரொம்ப சந்தோஷமாக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்து, காலைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். இரண்டு காலிலும் செருப்பு. காலையிலிருந்து யார் வீட்டிலும் காணாமல் போகவில்லை, தெருவில் எல்லாச் செருப்பும் ஜோடியாகக் கிடக்கிறது, உன் மகள் திருந்திவிட்டாள் என்றாளாம். எல்லம்மாள் எட்டி வாசலைப் பார்த்தாள். பார்த்தவள் உடனே எனக்குப் போன் போட்டாள்.

பட்டறையில் போன் கூரைக் கம்பில் பிளாஸ்டிக் பையில் தொங்கும். சிவபாலன்தான் எடுத்து என் காதில் வைத்தார்.

"சோறு வாணாங்குது. பாலும் வாணாங்குது. செருப்பு எடுக்கல. நீ வா" என்றாள். வைத்துவிட்டாள்.

சிவபாலன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ பரசு, கம்ப நான் பாத்துக்கறேன்" என்றார். நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஓடினேன். சோப்பு இல்லை, எலுமிச்சம்பழத் தோல் இல்லை. அந்த நினைப்பே வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் பார்த்தேன். வாசலுக்கு வாசல் இரண்டு இரண்டாகச் செருப்புகள், கடையில் அடுக்கி வைத்தது மாதிரி ஒழுங்காக. வீடு வரைக்கும் நிற்காமல் ஓடினேன்.

வீட்டில் கரண்ட் இல்லை. ஜன்னலைச் சாத்தி வைத்திருந்ததால் பகலிலேயே இருட்டு. ஜோதிகா எல்லம்மாள் மடியில் துணி மாதிரி கிடந்தாள். உடம்பு சுட்டது. நான் வாங்கி மடியில் போட்டுக்கொண்டதும் கண்ணைப் பாதி திறந்தாள். கையை இழுத்தாள். கட்டை விரலைத் தேடி எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மூக்கு அடைத்திருந்ததால் ரெண்டு சப்பு சப்புவாள், வாயைத் திறந்து மூச்சு விடுவாள், மறுபடி சப்புவாள். எச்சில் என் மணிக்கட்டில் வழிந்தது. எல்லம்மாள் போய் வெந்நீர் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நான் விரலை மெதுவாக உருவினேன். எல்லம்மாள் முகத்தைத் துடைக்கக் குனிந்தாள். அப்படியே நின்றாள்.

"யோவ், உதட்டப் பாருய்யா."

உதடு நீலமாக இருந்தது. உதடு மட்டுமில்லை. வாய் ஓரம், தாடையில் கொஞ்சம், அவள் என் கையைப் பிடித்திருந்த விரல் நுனிகள், எல்லாம் நீலம்.

அடுத்தது எப்படி நடந்தது என்று எனக்கே வரிசையாகத் தெரியாது. டேனியலின் ஆட்டோ தெருவில் நின்றிருந்தது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எச்சில் கையோடு வந்து ஏறிவிட்டான். கமலவேணி ஓடிவந்து எதற்கென்று தெரியாமல் ஒரு தலையணையை உள்ளே போட்டாள். ஆட்டோ கிளம்பிற்று. டேனியல் இயேசப்பாவைக் கூப்பிட்டான். வழியில் வந்த கோயிலுக்கெல்லாம் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டான். மேடு பள்ளம் ஒன்றுவிடாமல் இறங்கி ஏறினோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலையணை என் முகத்தில் அடித்தது.

காந்தி ரோடு வந்ததும் நின்றுவிட்டது. பட்டுப்புடவை எடுக்க வந்த டூரிஸ்ட் பஸ் ஒன்று நடுரோட்டில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எதிரும் புதிருமாக அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தன. டேனியல் இடது பக்கம் ஒடித்தான். அங்கேதான் வம்பு. வெளியூர்க்காரர்களைப் புடவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவது அவனுக்குப் பக்க வருமானம். கை தன் பழக்கத்தில் ஒரு கடை வாசலில் கொண்டுபோய் ஆட்டோவை அழகாக நிறுத்திவிட்டது. நிறுத்தினதும் கடைக்கு ஆள் கூப்பிடுகிறவர் பெரிய குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்து ஆட்டோவுக்குள் தலையை விட்டார்.

"வாங்கம்மா வாங்க. கல்யாணப் பட்டா? மேல போங்க, ஏசி இருக்குது."

எல்லம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் குடை தானாகப் பின்வாங்கிற்று. டேனியல் தலையில் அடித்துக்கொண்டு, பஸ்காரனிடம் வழி கேட்கிறேன் என்று இறங்கி ஓடினான். ஆட்டோவுக்குள் கடையின் கண்ணாடி ஜன்னல் வெளிச்சம் பளீரென்று அடித்தது. வீட்டில் கரண்ட் இல்லாமல், வழியெல்லாம் மழை இருட்டில் வந்தவனுக்குக் கண் கூசிற்று. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரு பொம்மை நின்றது. பொம்மைக்கு அரக்குச் சிவப்புக் கரை போட்ட பட்டுப்புடவை. புடவையின் உடல் மயில் கழுத்து நிறம்.

நான் பொம்மையைப் பார்த்தேன். மகளின் உதட்டைப் பார்த்தேன். மறுபடி பொம்மையைப் பார்த்தேன். பிறகு என் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நாலு விரலும் அதே நிறத்தில் இருந்தன. கட்டை விரல் மட்டும் வெளுத்துப்போய், புதிதாகப் பிறந்தது மாதிரி இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, நிறுத்த முடியாத சிரிப்பு. குடைக்காரர் பயந்து இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றார். வழி கிடைத்துத் திரும்பி வந்த டேனியல், மாமனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"சாயம், எல்லம்மா. நம்ம சாயம். அதோ பாரு, அந்தப் பொம்மை கட்டிக்கினு நிக்குது பாரு, அதே. கைய கழுவாம வந்துட்டேன், பாப்பா விரல சப்பிட்டா. வேற ஒண்ணுமே இல்ல. டேனியலு, வண்டியத் திருப்புபா, ஊட்டுக்குப் போலாம்."

டேனியலுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே சிரித்தான். குடைக்காரர் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் சிரித்தார். அதுதான் சாக்கென்று, வந்தது வந்தீர்கள், ஒரு புடவை பார்த்துவிட்டாவது போங்கள் என்றார். டேனியல் ஹேண்டிலை ஒடித்து வண்டியைத் திருப்பப் போனான். எல்லம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"உதட்டுல சாயம், சரி. மூச்சுலயும் நீதான் சாயம் போட்டியா?" என்றாள்.

நான் வாயை மூடவில்லை, சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. அவள் குனிந்து, காலடியில் கிடந்த தன் செருப்பைக் காட்டினாள். வண்டி ஏறினதிலிருந்து அது பாப்பாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடக்கிறது, ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றாள். பிறகு டேனியலின் முதுகில் தட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போப்பா. இந்தாளு சிரிச்சிக்கினே வரட்டும்."

எல்லம்மாள் ஒன்று சொல்லிவிட்டால் டேனியல் என்ன, அந்த டூரிஸ்ட் பஸ்ஸே திரும்பிவிடும். போனோம். நான் நிஜமாகவே சிரித்துக்கொண்டேதான் போனேன். செத்துப்போய்ப் பிழைத்தவனுக்கு வருகிற சிரிப்பு அது. ரோட்டில் பார்த்ததெல்லாம் வேடிக்கையாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டு நின்ற கோயில் மாடு வேடிக்கை. கமலவேணியின் தலையணை வேடிக்கை. ஆஸ்பத்திரியில் போய் என்ன சொல்லப்போகிறோம், என் மகளுக்குப் பட்டுச்சாயம் போட்டிருக்கிறேன், கரை மட்டும் பாக்கி என்றா சொல்வது என்று கேட்டேன். டேனியல் ஹேண்டிலில் விழுந்து விழுந்து சிரித்தான். எல்லம்மாள் மகளின் நெஞ்சில் கையை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். என்னை வாயைத் திறக்கவிடவில்லை. பிள்ளையை எல்லம்மாள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். நான் பின்னாலேயே ஓடி, "சாயம்மா, அது சாயம்" என்றேன். யாரும் கேட்கவில்லை. ஜோதிகாவின் கண்ணில் டார்ச் அடித்தார்கள். டாக்டரம்மா அகிலா வந்தார். சின்ன வயசு, ஒல்லியாக இருந்தார். உதட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், புருவத்தைச் சுருக்கினார். பஞ்சை நனைத்து உதட்டில் ஒரு இழுப்பு இழுத்தார். பஞ்சு மயில் கழுத்து நிறமாயிற்று.

டாக்டரம்மா பஞ்சைப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்து, கூப்பினபடி நின்றிருந்த என் இரண்டு கையையும் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"சாயப்பட்டறைம்மா."

முதலில் நர்ஸ்தான் சிரித்தார். பிறகு பக்கத்தில் நின்றவர்கள். டாக்டரம்மாவும் உதட்டைக் கடித்துப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். நான் எல்லாருக்கும் மேலாகச் சிரித்தேன். எல்லம்மாள் சிரிக்காமல் ஒரு காரியம் செய்தாள். கையை நீட்டி, ஜோதிகாவின் சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டாள்.

டாக்டரம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நானும் பார்த்தேன். மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே யாரோ விரலால் அழுத்துகிற மாதிரி குழி விழுந்து விழுந்து எழுந்தது. கழுத்துக் குழியும் அப்படியே. அவ்வளவு சின்ன உடம்பு, அவ்வளவு வேகமாக மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தது. நான் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் சட்டைக்குள் இருந்திருக்கிறது நர்சம்மா சொன்னது.

விரலில் மாட்டுகிற கிளிப்பை எடுத்துவந்தார்கள். விரலில் சாயம் இருந்ததால் கால் கட்டை விரலில் மாட்டினார்கள். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் டாக்டரம்மா யாருக்கோ வேகமாக ஏதோ சொன்னார். மூக்கில் குழாய், கையில் ஊசி, வாய்க்கு மேலே புகை வருகிற மூடி. ஜோதிகா அழக்கூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. தூக்கிக்கொண்டு போய் நெஞ்சைப் படம் பிடித்துவிட்டு வந்த பிறகு டாக்டரம்மா எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். நிமோனியா என்றார். சளி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது, இப்போது வந்தது நல்லதாயிற்று, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நிஜமாகவே நீலம் வந்திருக்கும் என்றார். வீட்டில் புகை போட்டீர்களா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். இனிமேல் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் பிள்ளை இருக்கிற இடத்தில் கூடாது என்றார். சாயக் கையோடு பிள்ளையைத் தொட்டதற்கும் என்னை ஒரு பிடி பிடித்தார்.

"பிழைச்சிடுவாளாம்மா?" என்று எல்லம்மாள் கேட்டாள்.

"மருந்து ஏறட்டும்மா. நாளைக்குச் சொல்றேன்."

நாளை வந்தது, அவர் அப்போதும் நாளைக்கு என்றார். எனக்கு இருந்த சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிள்ளைகள் வார்டுக்கு வெளியே நடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படிப்பேன். செருப்பை வெளியே விடவும் என்று இருந்தது. வேறு எதுவும் இல்லை. அதையே படித்தேன். உள்ளே பெண்களைத்தான் தங்கவிடுவார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். எல்லம்மாள் கையை அசைப்பாள். அதற்கு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

சிவபாலன் ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு வந்து பார்த்தார். கல்யாணப் புடவை நூல் முடிந்துவிட்டது, இனிமேல் மஞ்சள்தான் ஓடும், பயப்படாதே என்றார். கமலவேணி வந்தாள். சாம்பிராணி விஷயத்தைக் கேட்டதும் நடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, தலையணையை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அது டேனியலின் ஆட்டோவில் சவாரி போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் காலை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. கதவு திறந்தது, எட்டிப் பார்த்தேன். எல்லம்மாள் கையை அசைக்கவில்லை. இட்லிப் பொட்டலத்தைக் காட்டி, ஒரு விரலை நீட்டினாள். ஒன்று சாப்பிட்டுவிட்டாள் என்று அர்த்தம். எழுந்து நின்றேன். நின்று என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று நர்ஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் நான் சுவரில் சாய்ந்து கண்ணசந்து விழித்தபோது டாக்டரம்மா வார்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் நின்று காலை நீட்டினார். ஒரு கால் செருப்புக்குள் போயிற்று. இன்னொரு கால் அந்தரத்தில் நின்றது. இந்தப் பக்கம் தேடினார், அந்தப் பக்கம் தேடினார். கூட வந்த நர்ஸும் குனிந்து தேடினார். பெருக்குகிற அம்மா வந்து, இப்போதுதானே இங்கே பார்த்தேன் என்றார்.

நான் எழுந்துவிட்டேன். நடை முழுக்கக் கண்ணை ஓட்டினேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தேன். திறந்திருந்த கதவின் மறைவில் தரை துடைக்கிற பக்கெட்டின் விளிம்பு தெரிந்தது. நான் போய்ப் பார்ப்பதற்குள் டாக்டரம்மாவே பார்த்துவிட்டார். பழுப்புத் தண்ணீரில் அவருடைய கறுப்புச் செருப்பு படகு மாதிரி மிதந்துகொண்டிருந்தது. பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஊசி குத்தின கையில் கட்டோடு, ஆஸ்பத்திரிச் சட்டை தரையில் புரள, ஜோதிகா நின்றாள். என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவைப் பார்த்தாள். நாலு பல்லையும் காட்டினாள்.

எல்லம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள். ஒரு நிமிஷம் முகத்தைக் கழுவப் போனேன், கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள் என்று டாக்டரம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தாள். பக்கெட்டைப் பார்த்தாள். அத்தனை நாளும் ஒரு சொட்டு அழாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கவும் அழவும் ஒன்றாக ஆரம்பித்தாள். காந்தி ரோட்டில் எனக்கு வந்து ஆஸ்பத்திரியில் தொலைந்துபோன சிரிப்பு அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, டாக்டரம்மா ஒற்றைக்காலில் நின்றபடி காரணம் கேட்டார். செருப்பு எடுத்துவிட்டாள் அம்மா, செருப்பு எடுத்துவிட்டாள் என்பதற்கு மேல் எல்லம்மாளால் சொல்ல முடியவில்லை. நான்தான் எங்கள் தெருவைப் பற்றி எடுத்துச் சொன்னேன்.

டாக்டரம்மா குனிந்து, ஜோதிகாவின் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தார். குழி விழவில்லை. காதில் குழாயை மாட்டிக்கொண்டு முன்னால் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். ஜோதிகா அந்தக் குழாயின் நுனியைப் பிடித்து பக்கெட் பக்கமாக இழுத்தாள்.

"நாளைக்குக் கூட்டினு போயிடுங்க. மருந்து வீட்டுல குடுக்கலாம். இவங்கள இதுக்கு மேல இங்க வெச்சிருந்தா எங்க பாடுதான் கஷ்டம்" என்றார்.

இந்தத் தடவை நாளைக்கு என்றது எங்கள் இரண்டு பேர் காதுக்கும் வேறு மாதிரி கேட்டது.

டாக்டரம்மா பக்கெட்டிலிருந்து செருப்பை இரண்டு விரலால் தூக்கி எடுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்டக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக, அடுத்த வார்டைப் பார்க்க நடையின் கோடி வரைக்கும் டக், டப் என்று சத்தம் வர நடந்து போனார். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் நடப்போம். பெருக்குகிற அம்மா தன்னுடைய செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். நான் கையை ஒருமுறை மூக்கிடம் கொண்டுபோய் சோப்பு வாசனை வருகிறதா என்று பார்த்தேன். பிறகு மகளைத் தூக்கினேன். அவள் என் தோள் வழியாக எட்டி, வார்டு வாசலில் வரிசையாகக் கிடந்த மற்றச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.